வேலையை விட்டு வீட்டோடு இருக்கத் தோன்றுகிறது: ராஜினாமாவுக்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: வயது 34. சென்னையில் ஐ.டி. வேலை, டெஸ்டிங் லீட். மொத்தம் 12 வருட அனுபவம். இந்தக் கம்பெனியில் 6 வருடம் 2 மாதம். கைக்கு வருவது 92,000 ரூபாய், அடிப்படைச் சம்பளம் 46,000. கணவருக்கு ஒரகடத்தில் வேலை, 78,000 வருகிறது. மேடவாக்கத்தில் கடன் வாங்கி ஃபிளாட் வாங்கினோம். இஎம்ஐ 41,000, இன்னும் 13 வருடம் கட்ட வேண்டும். அதுபோக வீட்டுச் செலவு 74,000. மாதம் 25,000 சேமிக்கிறோம். மகள் இரண்டாம் வகுப்பு. இன்னொரு குழந்தை பற்றியும் பேசிக்கொண்டிருக்கிறோம். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார், சர்க்கரை, பி.பி. உண்டு.

ஒரு வருடமாக எனக்கு ஒரே கற்பனை. மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போதே மனசு போய்விடுகிறது. வாசலில் கோலம், மொட்டை மாடியில் வத்தல், மூன்று மணிக்கு நிதானமாக ஒரு ஃபில்டர் காபி, பள்ளி வேன் வந்து நிற்கும்போது நானே போய் மகளைக் கூட்டி வருவது. இரவு ஒன்பதரை மணிக்கு அமெரிக்காவோடு கான்ஃபரன்ஸ் கால் முடிந்து, ஒரு மணி வரை கிராமத்துச் சமையல் வீடியோ பார்க்கிறேன். என்னைப் படிக்க வைக்க அம்மா வளையலை அடகு வைத்தார். அவரிடம் எந்த முகத்தோடு சொல்வேன்? கணவரிடம் சொன்னேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார். இது சோம்பேறித்தனமா? வேலையை விட்டுவிடலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கற்பனையில் நீங்கள் படுத்துக் கிடக்கவில்லை. கோலம் போடுகிறீர்கள், வத்தல் பிழிகிறீர்கள், பிள்ளையைக் கூட்டி வருகிறீர்கள். எல்லாமே வேலைதான். சோம்பேறித்தனம் என்ற சொல்லை இதோடு விட்டுவிடுங்கள்.

அடுத்து, இந்தக் கற்பனையில் எது இருக்கிறது, எது இல்லை என்று பாருங்கள். நீங்கள் எழுதியவற்றில் மூன்று, நேரத்தைப் பற்றியவை: காலையில் அவசரம் இல்லாதது, மூன்று மணிக்குக் கையில் நேரம் இருப்பது, வேன் வரும்போது வீட்டில் இருப்பது. காபி எல்லாருக்கும் கிடைக்கும். உங்களுக்கு மூன்று மணி கிடைக்கவில்லை. கற்பனையில் இல்லாதவை இன்னும் முக்கியம். மாமியார் அதில் இல்லை, கணவர் இல்லை, பாத்திரம் விழும் சிங்க் இல்லை, மாதக் கடைசி இல்லை.

இதை ஊகமாக விடாமல் எழுதிப் பார்க்க ஒரு வழி உண்டு. 14 நாட்களுக்கு ஒரு சின்ன நோட்டில் நான்கு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். கற்பனை வந்த நேரம், அதற்குச் சற்று முன் நடந்தது, கற்பனையில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், அதில் யார் யார் இருந்தார்கள். ஒரு தடவைக்கு ஒரு வரி போதும். அன்றன்றே எழுதுங்கள், வார இறுதியில் நினைவிலிருந்து எழுதினால் எல்லா நாளும் ஒன்றுபோலத் தெரியும். பெரும்பாலான வரிகள் அந்த இரவு மீட்டிங்குக்கு முன்போ பின்போ விழுந்தால், உங்களுக்கு வேலையோடு இருக்கும் தகராறைவிட அந்த ஒரு மணி நேரத்தோடு இருக்கும் தகராறு பெரிது. சனி, ஞாயிறு, நீண்ட விடுமுறை, மனசு லேசாக இருக்கும் நாள் என்று எப்போதும் வந்தால், அது உண்மையிலேயே நீங்கள் வாழ விரும்பும் வாழ்க்கை. இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

முதல் வகையாக இருந்தால் ராஜினாமாவுக்கு முன் கேட்டுப் பார்க்க வேண்டியது புராஜெக்ட் மாற்றம். இங்கே இரவு 9.30 என்றால் நியூயார்க்கில் கோடைக்காலத்தில் பகல் 12 மணி. அந்த ஊர்க்காரர்களோடு வேலை செய்யும்வரை உங்கள் இரவு உங்களுடையது ஆகாது. லண்டன் நமக்கு கோடையில் நாலரை மணி நேரம், குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம்தான் பின்னால். அங்கே காலை 10 மணிக்கு வைக்கும் கால் நமக்குப் பிற்பகலில் முடிந்துவிடும். மேனேஜரிடம் 'ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது' என்று பொதுவாகச் சொன்னால் ஆறுதல்தான் கிடைக்கும். 'இந்தக் காலாண்டு முடிந்ததும் ஐரோப்பிய வாடிக்கையாளர் உள்ள டீமுக்கு மாற்றம் வேண்டும், பொறுப்பை ஒப்படைக்க ஆறு வாரம் எடுத்துக்கொள்கிறேன்' என்று மெயிலில் கேளுங்கள். தேதியோடு கேட்டால் அவர் ஏதாவது ஒரு பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

தூக்கம் கெட்டிருப்பதையும் லேசாக எடுக்க வேண்டாம். ஒரு மணிவரை விழித்திருந்து ஆறு மணிக்கு எழுபவருக்கு எந்த வேலையும் பாரமாகத்தான் இருக்கும். தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12 மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள். காரணமில்லாமல் அழுகை வருவது, லீவு நாளிலும் எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது என்று இருந்தால் மனநல மருத்துவரைப் பார்த்த பிறகே வேலை பற்றி முடிவெடுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனாஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இனி இரண்டாவது வகை. உண்மையிலேயே வீட்டோடு இருக்க ஆசை என்றால் அதில் குறைவாக எதுவும் இல்லை. ஆனால் படத்தில் தெரிவதற்கும் கையில் செய்வதற்கும் நடுவில் உள்ள தூரத்தை ஒரு தடவை நடந்து பார்த்துவிடுங்கள். வத்தலையே எடுத்துக்கொள்வோம். வீடியோவில் வெள்ளை வேட்டியில் வரிசையாகக் காய்வதுதான் தெரியும். அதற்கு முந்தின நாளே அரிசியை ஊறவைத்து அரைத்திருக்க வேண்டும். விடியும் முன் எழுந்து, அடி கனமான பாத்திரத்தில் கட்டி தட்டாமல், கை நிறுத்தாமல் கூழ் கிண்ட வேண்டும். பச்சை மிளகாய் விழுதும் உப்பும் கூழ் பதத்தில் சற்றுக் குறைவாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் காய்ந்ததும் உறைப்பும் உப்பும் தூக்கும். வெயில் ஏறுமுன் முறுக்கு நாழியில் பிழிந்து முடித்துவிட வேண்டும். முழுதாகக் காய இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் வேண்டும். நடுவில் மேகம் போட்டால் பூசணம் பிடிக்கும். உரிக்கும்போது துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளிக்காவிட்டால் பாதி துணியோடு போய்விடும். பங்குனி, சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ அரிசியில் செய்து பாருங்கள். செய்து முடித்த பிறகும் அடுத்த ஞாயிறு எப்போது என்று இருந்தால், உங்கள் ஆசை நிஜமானது.

அதேபோல வீட்டையும் நான்கு வாரம் நடத்திப் பாருங்கள். சேர்ந்திருக்கும் லீவை எடுங்கள். போதாவிட்டால் சம்பளமில்லா விடுப்பு. அந்த நான்கு வாரமும் சமையல் அம்மா வேண்டாம், டே கேர் வேண்டாம், வெளிச் சாப்பாடு வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். அவர்களுடைய அந்த மாதச் சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுத்துவிடுங்கள். நீங்கள் சோதனை செய்வதற்கு அவர்கள் நஷ்டப்படக் கூடாது. முதல் வாரம் அலமாரி துடைப்பதிலேயே போய்விடும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். இரண்டாவது வாரம் இனிமையாக இருக்கும். மூன்றாவது வாரத்தைத்தான் கவனிக்க வேண்டும். பொதுவாக அப்போதுதான் இரண்டு விஷயம் தலைதூக்கும்.

ஒன்று, சமையலறை. இதுவரை நீங்கள் போன பிறகு அது மாமியாருடையது. நாள் முழுக்க இரண்டு பேர் நிற்கும்போது பருப்பு எவ்வளவு போடுவது என்பதிலிருந்து உரசல் தொடங்கும். எந்த வேளை யாருடையது என்று முதல் நாளே பேசி முடிவு செய்துவிட்டால் பாதி உரசல் குறையும். இன்னொன்று, 'வீட்ல சும்மாதானே இருக்கே' என்ற வாக்கியம். பேங்க், கேஸ் புக்கிங், ஃபிளாட் சங்கத்துக் கூட்டம், உறவில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தால் துணைக்கு உட்காருவது, கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பே போவது என்று எல்லாருடைய வேலையும் வீட்டில் இருப்பவர் தலையில் வந்து இறங்கும். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிடம். செய்யும் ஆண்கள் 88 நிமிடம். உங்கள் கணவர் இப்போது பிள்ளையைக் குளிப்பாட்டுவது, பாத்திரம் கழுவுவது என்று ஏதாவது செய்கிறார் என்றால், நீங்கள் வீட்டில் இருக்கத் தொடங்கிய பிறகும் அது அவருடையதாகவே இருக்க வேண்டும். இந்த நான்கு வாரத்தில் அதை விட்டுக்கொடுத்தால் பிறகு திரும்பி வராது. மூன்று மணிக் காபி உங்கள் கைக்கு எத்தனை நாள் வந்தது என்று காலண்டரில் குறித்து வையுங்கள்.

இப்போது பணம். நீங்கள் கொடுத்த கணக்கில் எனக்கு முதலில் பட்டது ஒரு முரண். இருவர் சம்பளமும் சேர்ந்து 1,70,000. இஎம்ஐயும் வீட்டுச் செலவும் 1,15,000. மீதி 55,000 இருக்க வேண்டும். சேமிப்பு 25,000 என்கிறீர்கள். மீதி 30,000 எங்கே? உங்களைப் போன்ற வீடுகளில் இது பெரும்பாலும் களைப்பில் ஆகும் செலவாகவே இருக்கும். இரவு பதினொன்றுக்கு ஆன்லைனில் வாங்கியது, சனிக்கிழமை மாலில் கழிந்தது, பிள்ளையோடு இருக்க முடியவில்லையே என்று வாங்கிக் கொடுத்த பொம்மை. கடந்த மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் கார்டு பில்லையும் எடுத்து வைத்து, இரவு 9 மணிக்கு மேல் நடந்த செலவுகளை மட்டும் பென்சிலில் கோடிடுங்கள். நீங்கள் வேலைக்குப் போவதற்கு ஆகும் உண்மையான செலவில் இதுவும் சேர்த்தி.

நீங்கள் வேலையை விட்டால் குறையும் செலவை ஒரு மாதிரிக் கணக்காகப் போடுகிறேன், உங்கள் எண்களை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள்: டே கேர் 7,000, சமையல் அம்மா 6,000, வெளிச் சாப்பாட்டில் 5,000, போக்குவரத்து 5,500. ஆக 23,500. அப்போது வீட்டுச் செலவு 50,500, இஎம்ஐயோடு 91,500. கணவர் சம்பளம் 78,000. மாதம் 13,500 துண்டு விழுகிறது. இதில் மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் இன்னும் சேரவில்லை. எனவே இன்றைய நிலையில் விட முடியாது. ஆனால் ஒன்றரை வருடத்தில் முடியும்.

அந்த 55,000ஐ மாதம் பிறந்ததும் முதல் தேதியிலேயே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். 18 மாதத்தில் 9,90,000 சேரும். உங்கள் இஎம்ஐயை வைத்துப் பார்த்தால், வட்டி எட்டரை சதவீதம் என்று கொண்டால், கடன் பாக்கி இன்று சுமார் 38.6 லட்சம். 10 லட்சத்தை மொத்தமாக அடைத்தால் இஎம்ஐ ஏறக்குறைய 10,600 குறையும்; 18 மாதம் கழித்து மீதித் தவணைக்காலமும் குறைந்திருக்கும் என்பதால் இன்னும் சற்றுக் கூடுதலாகவே குறையும். இங்கே பலர் தவறவிடும் ஒரு விஷயம்: கூடுதல் பணம் கட்டும்போது ஒன்றும் சொல்லாவிட்டால் பேங்க் பெரும்பாலும் தவணைக்காலத்தைக் குறைத்துவிட்டு இஎம்ஐயை அப்படியே வைத்துவிடும். மாதச் சுமை குறைவதுதான் உங்களுக்கு வேண்டும் என்பதால், 'காலத்தை மாற்றாமல் இஎம்ஐயைக் குறைக்கவும்' என்று எழுதிக் கொடுத்து, புதிய தவணை அட்டவணையைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. இதைச் செய்த பிறகும் துண்டு விழும் தொகை மூவாயிரத்துக்குள்தான் இருக்கும், அதை உங்கள் வீட்டால் சமாளிக்க முடியும்.

அதோடு ஆறு மாதச் செலவு கையிருப்பாக இருக்க வேண்டும். இதுவரையிலான சேமிப்பை அதற்கென்று ஒதுக்கிவிடுங்கள், கடனில் போட வேண்டாம்.

விடும் தேதியிலும் பணம் இருக்கிறது. கிராஜுவிட்டி என்பது அடிப்படைச் சம்பளத்தை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து வருடங்களால் பெருக்குவது. உங்களுக்கு வருடத்துக்குக் குறைந்தது 26,538 ரூபாய். ஆறு மாதத்துக்கு மேல் போனால் அதுவும் ஒரு முழு வருடமாகக் கணக்காகும். இன்றைக்குக் கடிதம் கொடுத்து 90 நாள் நோட்டீஸ் முடித்தால் 6 வருடம் 5 மாதத்தில் நிற்பீர்கள், ஆறு வருடத்துக்குத்தான் கிடைக்கும். இன்னும் இரண்டு மாதம் தள்ளினால் ஏழு வருடம். எப்போது விட்டாலும் கடைசி வேலைநாள் இந்த ஆறு மாதக் கோட்டைத் தாண்டி விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பி.எஃப். பணத்தை எடுக்க வேண்டாம். வேலையை விட்டாலும் வட்டி சேரும். விட்ட பிறகு சேரும் வட்டிக்கு மட்டும் வரி உண்டு. பழைய கம்பெனியின் கணக்கை இப்போதைய கணக்கோடு இணைத்திருக்கிறீர்களா என்று இப்போதே பாருங்கள். பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் மொத்தம் 10 வருடச் சேவை இருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியத்துக்குத் தகுதி வரும். இணைக்காமல் விட்ட வருடங்கள் விடுபட்டுப் போகும்.

மாமியார் உங்கள் கம்பெனி காப்பீட்டில் இருந்தால், நீங்கள் விட்ட நாளோடு அது போய்விடும். புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் போட முடியும். ஆகவே வேலையில் இருக்கும்போதே தனிக் குடும்பப் பாலிசி ஒன்றைத் தொடங்கிவிடுங்கள், இந்த 18 மாதமும் காத்திருப்பில் கழியும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி இருக்கிறதா என்று ஹெச்.ஆரிடம் கடைசி நாளுக்கு இரண்டு மாதம் முன்பே கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ, ஆயுள் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. இரண்டாவது குழந்தை உங்கள் திட்டத்தில் இருந்தால், இரண்டு குழந்தைகள் வரை 26 வாரச் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு சட்டப்படி உங்களுக்கு உண்டு. பிரசவ தேதிக்கு முந்திய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். அதற்கு முன்னால் ராஜினாமா செய்வது பெரிய நஷ்டம்.

உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். வளையலை வைத்துப் படிக்க வைத்தவருக்கு நீங்கள் டெஸ்டிங் லீட் ஆக இருக்க வேண்டும் என்பது குறி இல்லை. மகள் யாரிடமும் காசுக்குக் கை நீட்டக் கூடாது என்பதுதான் அவர் பயம், அது நியாயமான பயம். வீட்டில் இருப்பதும் கையில் காசில்லாமல் இருப்பதும் ஒன்றாகவே வரும் என்று அவர் தலைமுறை கண்டிருக்கிறது. இரண்டையும் பிரித்து வைப்பதுதான் நீங்கள் செய்ய வேண்டிய முக்கியமான வேலை, அதைச் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

முதலில் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்து இருப்பது வேறு, கிரயப் பத்திரத்தில் வாங்குபவராகப் பெயர் இருப்பது வேறு. முன்னது இருந்து பின்னது இல்லை என்றால், கடனில் உங்களுக்குப் பங்கு உண்டு, வீட்டில் இல்லை. கணவர் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனதுக்குத் தெம்பு தரும் தீர்ப்பு. ஆனால் வழக்குப் போட்டு வாங்குவதைவிடப் பத்திரத்தில் பெயர் இருப்பது மேல். பெயர் இல்லாவிட்டால் 10 லட்சத்தைக் கடனில் போடுவதற்கு முன், பேங்க் சம்மதத்தோடு உங்கள் பெயரைச் சேர்ப்பது பற்றி ஒரு வக்கீலிடம் கேளுங்கள்.

கணவர் சம்பளம் வரும் கணக்கை இருவர் பெயரிலும் மாற்றுங்கள். இல்லத்தரசிகளுக்குக் கூட்டு வங்கிக் கணக்கும் ஏ.டி.எம். அட்டையும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2024 ஜூலையில் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. மாதம் ஒரு தொகை, கேட்காமல், தானாகவே உங்கள் தனிக் கணக்குக்கு வரும்படி பேங்கில் ஏற்பாடு செய்துவிடுங்கள். அதிலிருந்து உங்கள் பெயரில் பி.பி.எஃப். (பொது சேமநல நிதி) அல்லது என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) தொடரட்டும், சம்பளம் இல்லாதவரும் இரண்டிலும் சேரலாம். கணவர் பெயரில் டெர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுக்கும்போது, 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுக்கச் சொல்லுங்கள். அப்படி எடுத்தால் அவருக்கு எந்தக் கடன் இருந்தாலும் கடன்காரர்கள் அந்தப் பணத்தைத் தொட முடியாது, அது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்தான். பாலிசி எடுக்கும் நேரத்திலேயே அதற்கான படிவத்தைத் தர வேண்டும், பிறகு சேர்க்க முடியாது.

கணவர் சிரித்ததைப் பற்றி. விளையாட்டாகச் சொன்னதை அவர் விளையாட்டாக எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, சனிக்கிழமை காலை, சண்டை எதுவும் இல்லாத நேரத்தில் அவர் முன் வையுங்கள். 'நீங்க மட்டும் சம்பாதிச்சா உங்களுக்கு எதுல பயம்?' என்று கேட்டுவிட்டு அவர் பேசி முடிக்கும்வரை இடையில் பேசாதீர்கள். ஒரகடம் வரை போய் வேலை முடித்து வருகிற மனிதருக்கும் இதுபோல ஒரு ஆசை இருக்கலாம். இருந்தால் அதற்கும் ஒரு தாள் போட வேண்டும். உங்கள் சம்பளம் பெரிது என்பதால், வீட்டில் இருக்கப் போவது யார், எவ்வளவு காலம் என்ற கேள்வியையும் இருவரும் நேர்மையாகப் பேச வேண்டும்.

திரும்பி வரும் வழியையும் அடைத்துவிட வேண்டாம். டெஸ்டிங்கில் கருவிகள் சீக்கிரம் மாறும். செலினியம் மட்டும் தெரிந்தவர்களை இப்போது பிளேரைட் தெரியுமா என்று கேட்கிறார்கள். வாரம் நான்கு மணி நேரம் இதற்கு ஒதுக்கினால், இரண்டு மூன்று வருடம் கழித்தும் நேர்முகத்தில் பேச உங்களிடம் விஷயம் இருக்கும். விடும்போது அனுபவச் சான்றிதழ், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16 (வரி பிடித்ததற்கான சான்று) ஆகியவற்றைச் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளன்று லேப்டாப்பைக் கொடுத்துவிட்டால் பிறகு ஒவ்வொன்றுக்கும் அலைய வேண்டியிருக்கும்.

நான்கு வார லீவை மே மாதத்தில் எடுக்காதீர்கள். மகள் வீட்டில் இருப்பாள், ஊரிலிருந்து உறவினர் வருவார்கள், சோதனை விடுமுறையாகிவிடும். ஜூனும் புத்தகம், சீருடை என்று கழியும். ஜூலை இரண்டாவது வாரம் தொடங்கி ஆகஸ்ட் முதல் வாரம் வரை எடுத்தால், நீண்ட பள்ளி விடுமுறை எதுவும் குறுக்கே வராத சாதாரண நாட்களாக இருக்கும். லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். முடிந்ததும் அந்த நோட்டையும் காலண்டரையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.